காக்கிச் சட்டையோடு கம்பஸுக்கு: கொழும்பில் ஆய்வுப் பட்டம் தொடங்கும் அதிகாரிகளுக்கு

பொலிஸிலும் முப்படையிலும் இருக்கும் பலர் பட்டப்பின்படிப்பில் சேர்கிறார்கள், பாடப் பரீட்சைகளையெல்லாம் ஒழுங்காக எழுதி முடிக்கிறார்கள், ஆய்வேட்டில் வந்து நின்றுவிடுகிறார்கள். கெட்டித்தனம் போதாமல் அல்ல. பரீட்சைக்குத் திகதி உண்டு, மண்டபம் உண்டு, போய் எழுதினால் முடிந்தது. ஆய்வுக்கு யாரும் கட்டளை போடுவதில்லை. என்ன கேட்பது என்பதையே நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அதோடு, கடமையில் ஊறிய சில பழக்கங்கள் ஆய்வில் குறுக்கே நிற்கும். வழக்கு விசாரிப்பவர் சந்தேகநபரை நோக்கிச் சான்றுகளை அடுக்குகிறார். ஆய்வாளரோ தன் ஊகத்தைப் பொய்யாக்கும் சான்று எங்கே கிடக்கிறது என்றுதான் முதலில் தேட வேண்டும். நல்ல விசாரணை அதிகாரியும் அதைத்தான் செய்வார் என்று நீங்கள் சொல்லலாம். சரி, வழக்குத் திகதி நெருங்கும்போது எத்தனை பேர் செய்கிறார்கள்?

கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கப் போகும் தமிழ் பேசும் அதிகாரிகளுக்காக இதை எழுதுகிறேன். பல வருடங்களாக இப்படியானவர்களின் ஆய்வு முன்மொழிவுகளை வாசித்து வருகிறவன் என்ற முறையில், எங்கே இடறுகிறார்கள் என்பது ஓரளவு தெரியும்.

எந்தப் படிப்பு

விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முன், அந்தப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எஸ்.எல்.கியூ.எஃப் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதில் 12 மட்டங்கள். பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். பாடநெறி மட்டும் படித்துப் பெறும் முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம். 60 கிரெடிட், அதில் ஆகக் குறைந்தது 15 ஆய்வுக்கு. முதுதத்துவமாணி (எம்.ஃபில்) 11, கலாநிதி 12. "மாஸ்டர்ஸ்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லுகிறவர்களை நம்ப வேண்டாம். பிறகு கலாநிதிப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஆய்வுள்ள முதுமாணியை எடுங்கள். 9ஆம் மட்டத்தோடு போனால், ஆய்வு செய்த அனுபவம் எங்கே என்று கேட்பார்கள்.

இரத்மலானையில், சேர் ஜோன் கொத்தலாவலவின் கந்தவல தோட்டத்தில் இருக்கிறது ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, 2007இல் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. எல்லோரும் கே.டி.யூ என்றுதான் சொல்வார்கள். அங்குள்ள பட்டப்பின்படிப்புகள் சிலவற்றில் சிவில் ஆட்களும் சேரலாம் என்பதால், வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் ஒரு வங்கி அதிகாரி இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். மேஜர் தரத்திலும் அதற்குச் சமமான கடற்படை, விமானப்படைத் தரங்களிலும் உள்ளவர்களுக்குச் சப்புகஸ்கந்தையில் பாதுகாப்புச் சேவைகள் கட்டளைகள் மற்றும் பதவிநிலை அதிகாரிகள் கல்லூரி. அங்கு பயிற்சி முடிப்பவர்களுக்கு முதுமாணியை வழங்குவதும் கே.டி.யூதான். அதற்கும் மேலே, பிரிகேடியர் மட்டத்தில் இருப்பவர்களுக்குக் கொள்ளுப்பிட்டியில் 2021இல் தொடங்கிய தேசிய பாதுகாப்புக் கல்லூரி. சிரேஷ்ட பொலிஸ் அதிகாரிகளும் அதில் சேர்க்கப்படுகிறார்கள். இந்த இரண்டுக்கும் தெரிவு உங்கள் கையில் இல்லை, படையின் கையில்.

உங்கள் கையில் இருப்பவை வேறு. குற்றவியல் படிக்க விரும்பும் பொலிஸ்காரர் 138 பஸ்ஸில் ஏறி விஜேராமச் சந்தியில் இறங்கினால் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகம். சட்டப் பின்னணி உள்ளவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடம். கடமை நேரம் ஒழுங்கில்லாதவர்கள் நாவலயில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். நகரத்தில் தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பட்டங்களைக் கவர்ச்சியான விளம்பரங்களோடு விற்கின்றன. காசு கட்ட முன் வோர்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கிறதா என்று பாருங்கள். உங்கள் திணைக்களம் அதை ஏற்குமா என்றும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி இரண்டு

படிக்க அனுமதி ஒன்று. தரவைப் பயன்படுத்த அனுமதி இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் நிறையப் பேருடைய ஒரு வருடம் காணாமல் போகிறது. படிப்பு லீவுக் கடிதம் கையில் இருக்கிறது என்பதற்காக நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் குறிப்பெடுக்க முடியாது. நீங்கள் அங்கே பொறுப்பதிகாரியாகவே இருந்தாலும் சரி. கடமைக்காகப் பார்க்கும் பதிவை ஆய்வுக்காகப் பார்ப்பதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

கடிதம் "ஊடாக" போட்டுத்தான் போகும். ஊடாக பொறுப்பதிகாரி, ஊடாக உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், ஊடாக சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் என்று படி ஏறும். ஒவ்வொரு மேசையிலும் அது எத்தனை நாள் தூங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கடிதத்தை மிகச் சுருக்கமாக எழுதுங்கள். என்ன பதிவு, எந்தக் காலப்பகுதி, எந்தப் பிரிவு, பெயர்கள் எடுக்கப்படுமா இல்லையா, தரவு எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும். இவ்வளவுதான். ஆய்வின் கோட்பாட்டுப் பின்னணியை நான்கு பக்கத்துக்கு எழுதினால் வாசிப்பவருக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும்: இதில் என்னமோ சிக்கல் இருக்கிறது, மேலே அனுப்பிவிடுவோம். கடிதம் பெரும்பாலும் சிங்களத்தில் போவது வேலையைச் சுலபமாக்கும். பல்கலைக்கழகத்தின் கடிதத்தையும் இணையுங்கள். கையளித்த திகதி முத்திரையோடு ஒரு பிரதியை உங்கள் ஃபைலில் வையுங்கள்.

அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்தையும் ஒருமுறை வாசியுங்கள். உத்தியோகத் தகவலை வெளியே சொல்வது பற்றிய விதிகள் அதில் இருக்கின்றன. படையினருக்கும் பொலிஸுக்கும் அதற்கு மேலாகத் தங்கள் தங்கள் கட்டளைகள் உண்டு. 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க அரச இரகசியங்கள் சட்டம் எல்லோருக்கும் பொது.

இராணுவ அதிகாரிகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த விஷயம் பெரும்பாலும் இரகசியமான விஷயமாகத்தான் இருக்கும். அதை ஆய்வுக்கு எடுக்காதீர்கள். ஆய்வேட்டைப் பரீட்சகர் வாசிக்க வேண்டும், நூலகத்தில் வைக்க வேண்டும். வெளியில் ஆவணங்கள் இருக்கும் விஷயமாக எடுத்தால் வேலை ஓடும். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்தபோது வந்த முதல் சில மணித்தியாலங்களில் படையும் தீயணைப்பும் மாநகர சபையும் எப்படி ஒத்துழைத்தன என்பது ஒரு நல்ல கேள்வி. 2021 மே மாதம் கொழும்புக் கடலில் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலும் அப்படியே. 2004 முதல் ஹெய்ட்டியில் ஐ.நா. பணிக்குப் போய் வந்த நம் படையினரின் அனுபவமும் கடினமான, ஆனால் செய்யக்கூடிய விஷயம்.

கேள்வியைச் சின்னதாக்குவது

முன்மொழிவின் முதல் வரைவில் வரும் தலைப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: "இலங்கையில் பொலிஸ் சேவையும் சமூக நல்லிணக்கமும் – ஓர் ஆய்வு". இதை முடிக்க ஒரு ஆணைக்குழு வேண்டும். உங்களிடம் இருப்பது வார இறுதிகள்.

எப்படிச் சுருக்குவது என்று ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோய்ப் பார்ப்போம். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, கிரான்ட்பாஸ் போன்ற இடங்களில் வேலை செய்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. ஒரு அம்மா தமிழில் சொல்லுவார், கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் இருக்கும் யாரோ மொழிபெயர்ப்பார்கள், சிங்களத்தில் எழுதப்பட்ட பக்கத்தின் அடியில் அந்த அம்மா தமிழில் கையெழுத்து வைப்பார். "மொழிப் பிரச்சினை" என்று பொதுவாகச் சொன்னால் அது அரசியல் மேடைப் பேச்சு. சட்டத்துக்குப் போனால் கேள்வி கூர்மையாகிறது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வாய்மொழியாகத் தரப்படும் தகவலை, அது தரப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் தகவல் தருபவரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், காரணத்தைக் குறித்துவிட்டுத் தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்து வாசித்துக் காட்ட வேண்டும். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011 அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இருமொழி தெரிந்த அதிகாரிகள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எழுதப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இப்போது பாருங்கள். "காரணத்தைக் குறித்துவிட்டு" என்று சட்டம் சொல்கிறது. அப்படியென்றால் அந்தக் காரணம் பக்கத்தில் இருக்க வேண்டும். இருக்கிறதா, இல்லையா என்று எண்ணலாம். ஆய்வுக் கேள்வி இப்படி ஆகிவிடுகிறது: குறித்த ஒரு பொலிஸ் பிரிவில், குறித்த ஆறு மாதத்தில், தமிழ் பேசும் முறைப்பாட்டாளர்களின் வாக்குமூலங்கள் எந்த மொழியில் பதியப்பட்டன, வேறு மொழியில் பதியப்பட்டபோது 109ஆம் பிரிவு கேட்கும் காரணம் எழுதப்பட்டதா? ஒரு ஆள், ஒரு வருடம், முடிக்கலாம். பதில் "எல்லாம் ஒழுங்காக இருக்கிறது" என்று வந்தாலும் அது ஆய்வுதான். அதை ஏற்க மனம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியை எடுக்காதீர்கள்.

கேள்வியைச் சோதிக்க ஒரு வழி: எந்தப் பதில் வந்தால் என் எண்ணம் பிழை என்று ஒத்துக்கொள்வேன் என்று ஒரு வசனம் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையா, உங்களிடம் இருப்பது கேள்வி அல்ல, கருத்து.

வாசிக்க எங்கே போவது

கூகுள் ஸ்கொலர் எல்லோருக்கும் தெரியும். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளம் இலவசம். தமிழில் வந்த பழைய சஞ்சிகைகளுக்கும் நூல்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம். மேற்கோள்களை ஒழுங்குபடுத்த ஸொட்டேரோவை முதல் நாளிலேயே போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்.

அதிகாரிகள் அதிகம் தொடாத இடம் ரீட் அவெனியூவில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். 1866இல் தொடங்கிய நம் பொலிஸ் சேவையின் பிரித்தானியர் காலத்து வருடாந்த நிர்வாக அறிக்கைகள் அங்கே இருக்கின்றன. 1913 முதல் 1937 வரை பொலிஸ் மா அதிபராக இருந்த டௌபிகின் காலத்து அறிக்கைகளை வாசித்தால், ஆளணிப் பற்றாக்குறை, மொழி, இடமாற்றம் என்று இன்று நாம் கன்டீனில் பேசும் விஷயங்கள் எவ்வளவு பழையவை என்று விளங்கும். இன்றைய நிலவரத்துக்குத் திணைக்களங்கள் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கும் செயலாற்றுகை அறிக்கைகள், கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள், பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சார்ட். இவையெல்லாம் ஏற்கெனவே பகிரங்கமானவை, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ) விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஆனால் சொந்தத் திணைக்களத்திடமே ஆர்.டி.ஐ போடுவதை முதல் வழியாக வைக்காதீர்கள். உரிமை உண்டு, அடுத்த இடமாற்றமும் உண்டு.

புத்தகத்திலிருந்து தரவுக்கு

நம் உதாரணத்துக்கே வருவோம். அனுமதி கிடைத்துவிட்டது, முறைப்பாட்டுப் புத்தகங்கள் முன்னால் இருக்கின்றன. முதல் தலையிடி: தமிழ் பேசும் முறைப்பாட்டாளர் யார் என்று எப்படித் தெரியும்? பெயரை வைத்துச் சொல்லலாமா? மருதானையில் இருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பம் வீட்டில் தமிழ் பேசும், நிலையத்தில் சிங்களத்தில் சொல்லும். நீர்கொழும்புப் பக்கத்தில் தமிழ்ப் பெயர் இருக்கும், சிங்களம்தான் வாயில் வரும். கையெழுத்தை வைத்துச் சொல்லலாமா? தமிழில் கையெழுத்து வைத்தவர் தமிழ் தெரிந்தவர் என்பது நிச்சயம். ஆனால் ஆங்கிலத்தில் கிறுக்குபவர்களும் பெருவிரல் அடையாளம் வைப்பவர்களும் தப்பிவிடுவார்கள். பெருவிரல் வைப்பவர்கள்தான் எழுதப்பட்டதைச் சரிபார்க்கவே முடியாதவர்கள் என்பதால் அவர்கள் தவறுவது சின்ன விஷயம் இல்லை.

இதற்குச் சுத்தமான தீர்வு கிடையாது. தமிழ்க் கையெழுத்தை அளவுகோலாக எடுங்கள், பெருவிரல் அடையாளங்களைத் தனிப் பத்தியில் எண்ணுங்கள், இந்த அளவுகோல் யாரைத் தவறவிடுகிறது என்று ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். பரீட்சகர் கேட்கப் போகும் கேள்வியை நீங்களே எழுதிவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

ஒரு எக்செல் தாள் போதும். வரிசை எண், மாதம், முறைப்பாட்டின் வகை, எழுதிய மொழி, கையெழுத்தின் மொழி, காரணம் குறிக்கப்பட்டதா, வாசித்துக் காட்டியதாக எழுதப்பட்டதா. பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி எதுவும் தாளில் ஏறக்கூடாது. போனில் பக்கங்களைப் படம் பிடிக்கும் வேலையே வேண்டாம். அந்தப் படம் தானாகவே கூகுள் கணக்குக்குப் போய்விடும், பிறகு விளக்கம் எழுத வேண்டி வரும்.

எல்லாப் பக்கத்தையும் பார்க்க நேரம் இல்லாவிட்டால் ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று ஒரே இடைவெளியில் எடுக்கலாம். தொடங்கும் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுங்கள். சுவாரசியமாக இருக்கிறது என்று இடையில் இன்னொன்றைச் சேர்த்துவிடக்கூடாது. இது விசாரணைக்காரர்களுக்கு மிகவும் கஷ்டமான காரியம், கை தானாகப் போகும். அப்புறம், உங்கள் தாளில் ஒரு பகுதியை இன்னொருவர் உங்கள் பதில்களைப் பார்க்காமல் தானும் நிரப்ப வேண்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கொஹென் கப்பா என்ற எண்ணால் சொல்வார்கள். தற்செயலாக ஒத்துப்போனதைக் கழித்துவிட்டுச் சொல்லும் எண் அது.

வினாக்கொத்து கொடுப்பவர்களுக்கு: எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்று சொல்லும் கிரெஜ்சி–மோர்கன் அட்டவணையை எல்லோரும் ஆய்வேட்டில் ஒட்டுகிறார்கள். 1970இல் வந்த அந்த அட்டவணைப்படி, 1000 பேர் இருந்தால் 278 பேரைக் கேட்க வேண்டும். ஆனால் அந்த 278 பேரும் எழுமாறாகத் தெரிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பரேட் முடிந்ததும் நின்றவர்களிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு அட்டவணையைக் காட்டுவதில் பொருள் இல்லை.

பேட்டியும் பதவியும்

பேட்டி எடுப்பதில் நீங்கள் கெட்டிக்காரர் என்று நினைப்பீர்கள். வாக்குமூலம் எடுப்பதில் கெட்டிக்காரர். அது வேறு வேலை. வாக்குமூலத்தில் நேரம், இடம், யார், என்ன என்று ஒழுங்குக்குள் ஆளைக் கொண்டுவருவோம், முரண்பட்டால் மடக்குவோம். ஆய்வுப் பேட்டியில் ஆள் வழி தவறிப் போகும் இடத்தில்தான் சரக்கு இருக்கும். முரண்பட்டால் மடக்கக்கூடாது, "கொஞ்சம் அதைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்று விட வேண்டும். முதல் பேட்டியின் ஒலிப்பதிவை வீட்டில் போட்டுக் கேளுங்கள். எத்தனை இடத்தில் இடைமறித்தீர்கள் என்று எண்ணுங்கள்.

இன்னும் பெரிய சிக்கல் பதவி. பரிசோதகர் ஒருவர் தன் நிலையத்துக் கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டு "தம்பி, இது விருப்பம் என்றால் மட்டும்" என்று சொன்னால், தம்பி "இல்லை சேர்" என்பாரா? "சரி சேர்" என்பார், உங்களுக்குப் பிடித்த பதிலையும் தருவார். ஆகவே சொந்தப் பிரிவில் உங்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பேட்டி எடுக்காதீர்கள், வேறு பிரிவுக்குப் போங்கள். சீருடை வேண்டாம், நிலையத்துக்குள்ளும் வேண்டாம். யார் பங்குபற்றினார்கள் என்பது அவர்களின் பொறுப்பதிகாரிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் அனுமதித்தால் பயிற்சி பெற்ற ஒரு சிவில் மாணவரை வைத்துப் பேட்டி எடுப்பது இன்னும் நல்லது.

பொதுமக்களோடு பேசும்போது தமிழ் அதிகாரிக்கு ஒரு வசதி, ஒரு வில்லங்கம். "எங்கட பிள்ளை" என்று மனம் திறப்பார்கள். அதே காரணத்தால், நீங்கள் கேட்க விரும்புவதாக அவர்கள் நினைப்பதையும் சொல்லுவார்கள். இன்னும் சிலர் "பொலிஸில் இருக்கிற தமிழன்" என்று இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருப்பார்கள். இரண்டையும் ஆய்வேட்டில் எழுத வேண்டும்.

ஆய்வு தொடங்க முன் அனுமதி தரும் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு இதையெல்லாம் கேட்கும். தகவல் தாளும் சம்மதப் படிவமும் மூன்று மொழியிலும் வேண்டும். தமிழ்ப் பிரதியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைக்காமல், உங்கள் மாமி வாசித்தாலும் விளங்கும்படி எழுதுங்கள். முக்கியமான ஒன்று: "நீங்கள் சொல்லும் எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பொலிஸ் அதிகாரி வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு குற்றம் பற்றித் தெரியவந்தால் உங்களுக்குக் கடமை இருக்கிறது. அந்த எல்லையைப் படிவத்திலேயே தெளிவாக எழுதி, பேட்டி தொடங்க முன் வாயாலும் சொல்லுங்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பெயரை மாற்றி ஊரையும் தொழிலையும் அப்படியே விட்டால் அடையாளம் வெளியானது போலத்தான். குழுவின் அனுமதி வர முன் ஒரு பேட்டிகூட எடுக்கக்கூடாது. எடுத்த பிறகு வாங்கும் அனுமதி செல்லாது.

மேற்பார்வையாளர்

உங்களைவிடப் பதினைந்து வயது குறைந்த விரிவுரையாளர் ஒருவர் உங்கள் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போடுவார். நிலையத்தில் நீங்கள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்கள். இங்கே நீங்கள்தான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். முதல் சந்திப்பில் அவர் உங்களை "சேர்" என்பார், நீங்களும் அவரை "சேர்" என்பீர்கள், அது கொஞ்சம் பகிடியாகத்தான் இருக்கும். "மிஸ்" என்றால் "மிஸ்" என்று கூப்பிட்டுப் பழகிவிடுங்கள். பதவியை ஈமெயிலின் அடியில் போடுவதைத் தவிருங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பெயரைவிட நேரம் உள்ளவரைப் பாருங்கள். அவரிடம் ஏற்கெனவே படித்து முடித்தவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும்? ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பேசியதை ஐந்து வரியில் ஈமெயிலாக அனுப்பிவிடுங்கள். குறிப்புப் புத்தகம் எழுதிப் பழகியவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. பின்னால் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று வரும்போது உதவும்.

லீவும் இடமாற்றமும்

தேர்தல், மே தினம், வெசாக், பெரஹெரா, ஒரு பிரமுகர் வருகை. லீவு ரத்தாகும். அதனால் "ஏப்ரலில் தரவு, மேயில் பகுப்பாய்வு" என்று போடும் அட்டவணை காகிதத்தில்தான் இருக்கும். களவேலையை இந்தக் காலங்களுக்கு வெளியே வையுங்கள். தினமும் அரை மணித்தியாலம் என்ற கணக்கு எங்கள் வேலைக்குச் சரிவராது. கிடைக்கும் ஒரு முழு நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதுதான் சரிவரும். வெள்ளவத்தையில் வாடகை அறையில் நான்கு பேரோடு இருப்பவர் எழுத நூலகத்துக்குத்தான் போக வேண்டும். சுதந்திர அவெனியூவில் தேசிய நூலகம் இருக்கிறது.

இடமாற்றம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டிகளை இரண்டு பிரிவில் பரப்பி வைத்தால் ஒன்று கைவிட்டாலும் மற்றது மிஞ்சும். அனுமதிக் கடிதம் உங்கள் பெயருக்கா பதவிக்கா என்று பாருங்கள். பதவிக்கு என்றால் மாறியதும் திரும்பக் கேட்க வேண்டும். தரவைத் திணைக்களத்துக் கணினியில் வைக்காதீர்கள், கடவுச்சொல் போட்ட சொந்த லப்டொப்பிலும் ஒரு வெளி டிஸ்க்கிலும் வையுங்கள்.

எழுதுவது

"கிடைக்கப்பெற்ற தகவலின் பேரில் குறித்த இடத்திற்குச் சென்று பார்வையிட்டபோது" என்ற நடை எலும்பு வரை ஊறியிருக்கும். இராணுவத்தில் என்றால் ஒவ்வொரு பந்திக்கும் இலக்கம். இரண்டிலும் நல்லது உண்டு: வரிசை, திகதி, துல்லியம். கெட்டது, யார் செய்தார்கள் என்பது மறைந்துவிடும். "அவதானிக்கப்பட்டது" என்று எழுதும் இடத்தில் யார் அவதானித்தது என்று கேட்டுத் திருத்துங்கள். அறிக்கையில் முடிவைச் சொன்னால் மேலதிகாரி ஏற்பார். ஆய்வேட்டில் முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று காட்டாவிட்டால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் எடுத்த பேட்டியை முதலில் தமிழிலேயே முழுதாக எழுதி வையுங்கள், பேச்சு எப்படி வந்ததோ அப்படியே. மேற்கோளாகப் போகும் பகுதிகளை மட்டும் மொழிபெயர்த்து, இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். அந்த அம்மா கோபத்தில் சொன்னது உங்கள் ஆங்கிலத்தில் வேண்டுகோளாக மாறியிருக்கும்; இப்படிச் செய்தால்தான் அது பிடிபடும். பிறர் எழுதியதை அப்படியே போட்டால் எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் டேர்னிட்டின் மென்பொருள் காட்டிக்கொடுக்கும். காசுக்கு ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று நகரத்தில் விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். மோசடிப் பிரிவில் வேலை செய்கிறவரே அங்கே போவது நன்றாக இருக்காது.

வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் உங்களை விசாரிப்பார். குறுக்கு விசாரணைக்குப் பழகியவர்கள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி வாயை மூடிக்கொள்வார்கள். இங்கே அது எடுபடாது. "என் தரவால் இதற்கு மேல் சொல்ல முடியாது" என்று சொல்லலாம், அதற்குப் புள்ளி குறையாது. திருத்தங்களை ஒரு அட்டவணையாகப் போட்டு, எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கட்டிய பிரதிகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பிறகு, அனுமதிக் கடிதத்தில் கேட்டிருந்தால் திணைக்களத்துக்கும் ஒன்று போக வேண்டும். கே.டி.யூ வருடாவருடம் நடத்தும் சர்வதேச ஆய்வு மாநாட்டுக்கு அதிலிருந்து ஒரு கட்டுரை அனுப்பலாம். ஆனால் ஆய்வேட்டுக்குக் கிடைத்த அனுமதி வெளியீட்டையும் உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுருக்கத்தை அனுப்ப முன் அதற்கும் ஒரு கடிதம் போட வேண்டும்.